உஸ்தீன்யா ருசி பார்த்த தண்ணீர்

பொலின்காவுக்கு முதல்முறை வருகிறவர்கள் ஊருக்குள் நின்றுகொண்டே ஊர் எங்கே என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. எல்லாம் மண் வீடுகள், தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பவை. கூரையிலும் புல் முளைத்திருக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நாலு பக்கமும் புல்வெளி, அதைத் தொட்டபடி வானம். ரயில் நிற்கும் இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. ஆறு கிடையாது. தெற்கே இருப்பதற்குக் கசப்பு ஏரி என்று பேர். ஜூலையில் அதன் கரை உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும், ஆடு கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பிறகு எதை நம்பி இங்கே ஊர் வந்தது? பள்ளத்தை நம்பி. பள்ளம் என்றால் விழுந்து காலை ஒடித்துக்கொள்கிற பள்ளம் இல்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு இடுப்பளவுதான் இறங்கும். ஆனால் அகலம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போய்த் திரும்பினால் சமோவாரில் தண்ணீர் கொதித்திருக்கும். வெளியூர் வண்டிக்காரன் அதைத் தாண்டிப் போவான், தாண்டினோம் என்றே அவனுக்குத் தெரியாது. மார்ச்சில் பனி உருகும்போது சுற்றுவட்டாரத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும், நின்று மெல்ல மண்ணுக்குள் இறங்கும். இந்தச் சீமையில் அடியில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். பள்ளத்தில் மட்டும் அந்த உப்பின் மேல் நல்ல தண்ணீர் பால் ஏடு மாதிரி மிதந்துகொண்டிருக்கும். மேலாக வழித்து எடுத்தால் குடிக்கலாம். ஆழத்தில் கை வைத்தாலோ, ஆசைப்பட்டு இறைத்தாலோ, கீழே இருப்பது மேலே வந்துவிடும்.

இதை எங்கள் ஆட்கள் கண்டுபிடிக்கவில்லை. பொல்தாவா பக்கத்திலிருந்து நிலத்துக்காக வண்டி கட்டி வந்தபோது பள்ளத்தில் கசாக்குகளின் கிணறு ஏற்கெனவே இருந்தது. கோடையில் ஆடுகளோடு வந்து தங்குகிறவர்கள். முதல் வருஷம் அடிதடி. இரண்டாம் வருஷம் பெரிய வறட்சி, அடித்துக்கொள்ளத் தெம்பில்லாமல் இரண்டு கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்தது. எவ்வளவு ஆழம் தோண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தைச் சுற்றி நாணல் தட்டிகளை நட்டால், காற்றில் ஓடுகிற பனி தட்டியில் முட்டி உள்ளே குவியும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். அன்றைக்கு வந்தது பதினெட்டு வண்டி என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். பதினாறுதான். இரண்டு வண்டி பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. கடைசி வண்டியில் வந்தவர் என் தாத்தா, எனக்குத் தெரியாதா?

தேநீரில் பால் ஊற்றி ஒரு சிட்டிகை உப்புப் போடுவதும் அவர்களைப் பார்த்துப் பழகியது. இன்னொரு வழக்கம் எப்போது வந்ததென்று தெரியவில்லை, ஆனால் ஊர் முழுக்க உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், கொடுக்கிற தண்ணீரைக் குடித்து, "நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் வந்த காரியத்தைப் பேச வேண்டும். தண்ணீரைக் குறை சொன்னால் அந்த வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி. அதனால் முறிந்த கல்யாணப் பேச்சு இரண்டு எனக்குத் தெரியும்.

உஸ்தீன்யா இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. வோல்கா கரையிலிருந்து புரோஹருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆற்றங்கரைப் பெண்ணுக்குத் தண்ணீர் என்றால் எடுக்க எடுக்க வருவது. வந்த மூன்றாம் நாள், பூட்ஸுக்குள் சுற்றும் துணிகளை நல்ல தண்ணீரில் அலசிவிட்டாள். மாமியார் மாவ்ரா வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஏண்டி, சீதனத்தோட வோல்காவையும் கொண்டாந்துட்டியா? பெட்டியத் தொற, பாப்போம்."

"பெட்டி சின்னதும்மா," என்றாள் உஸ்தீன்யா. "கொண்டாந்திருந்தா மொதல்ல உங்க வாயைத்தான் கழுவி விட்டிருப்பேன்."

எதிர்வீட்டில் இருந்த நாங்கள் எல்லாரும் அடி விழும் என்று வேலியோரம் வந்து நின்றோம். மாவ்ரா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சாகும்வரை இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

புரோஹர் ஜெர்மன் சண்டைக்குப் போனான், செத்துவிட்டான் என்கிற தாள் மட்டும் திரும்பி வந்தது. ஊரில் ஆம்பிளை என்று மிஞ்சியது கிழவர்கள். கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் ஒரு வசந்தத்தில் போய்ச் சேர்ந்தார். ஊர் கூடி அந்த வேலையை உஸ்தீன்யாவிடம் கொடுத்தது. திறமையைப் பார்த்துக் கொடுத்ததாக இப்போது சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்திருக்க மற்ற யாரும் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை இதுதான். யாரும் வாளி விடுவதற்கு முன்னால் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, தண்ணீர் எந்த முடிச்சு வரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு கோப்பை மொண்டு, வாயில் வைத்திருந்து, சொல்ல வேண்டும். நல்லது என்றால் ஆளுக்கு இரண்டு வாளி. தண்ணீர் ஒரு முடிச்சு இறங்கியிருந்தால் ஒன்றரை. ஆடு மாடுகளுக்கும் துணிக்கும் ஏரிப் பக்கத்து உப்புக் கிணறு. யார் அழுதாலும் உஸ்தீன்யா அரை வாளி கூட்டிக் கொடுத்ததில்லை. எனக்குப் பிரசவமான வாரம் கூடக் கொடுக்கவில்லை. தன் பங்கிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள், ஆனால் கணக்கை மாற்றவில்லை. ஒரு வருஷம் ஒரு பெருச்சாளி கிணற்றில் விழுந்து கிடந்ததை முதல் வாயிலேயே கண்டுபிடித்தாள். அதோடு அவள் நாக்குக்கு மேல் பேச்சில்லை என்று ஆனது. முப்பது வருஷம்.

நடுவில் மின்கம்பம் வந்தது. கன்றுக்குட்டிப் பண்ணை வந்தது, இருநூறு கன்றுகள். கன்றுகளுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்று பள்ளத்தில் ஒரு பம்ப் வைத்தார்கள். பண்ணையைப் பார்த்துக்கொண்டவன் உஸ்தீன்யாவின் ஒரே மகன் ஆர்ஹிப். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொட்டுகிறபோது எலும்பை ஊடுருவுகிற குளிரில் போய்த் தட்டி நடுவானேன் என்று முதலில் நாலு வீடு நிறுத்தியது, பிறகு பாதி ஊர் நிறுத்தியது. உஸ்தீன்யா இரண்டு குளிர்காலம் வீடு வீடாகப் போய்க் கத்தினாள். மூன்றாவது வருஷம் அவளும் விட்டுவிட்டாள். ஒரு குளிர்காலத்தில் வரட்டி தீர்ந்துபோனது, பழைய தட்டிகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தோம். நானும்தான் வைத்தேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது.

தட்டி இல்லாமல் பத்து வருஷம் ஓடியது. ஒவ்வொரு நாளும் அவள் கோப்பையை வாயில் வைத்தாள், நல்லது என்றாள்.

அப்புறம் வந்ததுதான் பட்டியல். சுற்று ஊர்களுக்கெல்லாம் பொதுவான கூட்டுப் பண்ணையின் தலைவர் கந்த்ராத் சவ்வேலிச் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த பெரிய குடியிருப்பில் இருப்பவர். ஆகஸ்டில் ஒரு நாள் ஜீப்பில் வந்து நேராக உஸ்தீன்யா வீட்டுக்குப் போனார். நான் பூசணி விதை உடைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடித்தார், நல்ல தண்ணீர் என்றார், பிறகு விஷயத்தைச் சொன்னார். சின்ன ஊர்களை மூடப்போகிறார்கள், அதற்குப் பட்டியல் போடுகிறார்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் இல்லாத ஊர் என்றால் முதலில் மூடல். ஆட்களை எல்லாம் பெரிய குடியிருப்புக்குக் கொண்டுபோய், குழாய் வைத்த வீடு கொடுப்பார்கள்.

"உங்க ஊரு பேருக்கு நேரா தண்ணி திருப்தின்னு பழைய தாள்ல இருக்கு அத்தை. நான் அதையே எழுதி அனுப்பிடறேன்," என்றார்.

"அனுப்புங்க."

"அனுப்பிடுவேன். மாவட்டத்துல எவனாவது சந்தேகப்பட்டாதான்..."

உஸ்தீன்யா எழுந்துவிட்டாள். "எவன் சந்தேகப்படறது? என் தண்ணியையா? ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போங்க. எந்தப் படிச்சவன்கிட்ட வேணா குடுத்துப் பாருங்க."

"கேக்காதப்ப நாமளே எதுக்கு அத்தை..."

"எடுத்துட்டுப் போங்கங்கறேன்."

அவளே பாட்டிலைக் கழுவினாள், அவளே கிணற்றிலிருந்து நிரப்பினாள், தக்கை வைத்துத் துணி கட்டி அவர் மடியில் வைத்தாள். அவர் அதைக் குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் அவளுக்கு வேண்டியது. ஏன் என்று நான் கேட்டதில்லை. முப்பது வருஷம் ஒரே கிணற்றடிக்குப் போனவளிடம் அதைக் கேட்பார்களா? எனக்கு என்னவோ குழாய் வைத்த வீடு பிடித்துத்தான் இருந்தது. அவள் எதிரில் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே ஜீப் வந்தது. கூட மாவட்டச் சோதனைக்கூடத்திலிருந்து இன்னா லிவோவ்னா என்கிற அம்மா, மூக்குக் கண்ணாடி, சின்னப் பெட்டி. பண்ணை முற்றத்தில் ஊரைக் கூட்டினார்கள். அந்தம்மா தாளைப் பார்த்துப் படித்தாள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் வரை உப்பு இருக்கலாம். பொலின்காவின் தண்ணீரில் இரண்டேகால் கிராம் இருக்கிறது. குடிக்கத் தகுந்ததல்ல.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பொறந்ததுலேர்ந்து குடிக்கறோம், யாரும் சாகலியே!"

"செத்தவன் எந்திரிச்சு வந்து புகார் குடுப்பானா?" என்றான் செய்த்காலி. முதன்முதலில் கிணறு வைத்திருந்த கசாக்குகளின் வழியில் வந்தவன், ஊர் ஆடுகளை மேய்ப்பவன், எந்தச் சாவு வீட்டிலும் ஒரு தமாஷ் சொல்லாமல் வரமாட்டான்.

"பாட்டில் மாறிப்போச்சு," என்றாள் உஸ்தீன்யா. "உங்க எடத்துல எவளோ மாத்தி வெச்சிருக்கா."

இன்னா லிவோவ்னா வாதாடவில்லை. பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டில் எடுத்தாள், இரண்டு கிளாஸில் ஊற்றினாள், எது எந்த ஊர்த் தண்ணீர் என்று சொல்லாமல் நீட்டினாள். உஸ்தீன்யா முதல் கிளாஸை வாயில் வைத்தாள். உடனே தரையில் துப்பினாள்.

"இது செத்த தண்ணி. எந்தக் குட்டைல மொண்டீங்க?" இரண்டாவதைக் குடித்தாள், முழுசாகக் குடித்தாள். "இது எங்க தண்ணி. இதுல என்ன கொறை கண்டீங்க?"

"மொதல்ல துப்புனீங்களே, அது எங்க ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணி, பாட்டி," என்றாள் இன்னா லிவோவ்னா. "தண்ணின்னா அப்படித்தான் இருக்கும்."

கிளாஸ் கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது. நானும் குடித்தேன். உஸ்தீன்யா சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது. ஆஸ்பத்திரித் தண்ணீர் ருசியே இல்லாமல் சப்பென்று இருந்தது, எங்களுடையது வாய்க்கு இதமாக இருந்தது.

அந்தம்மா ஒரு தாளில் எழுதிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். ஒரு நாளைக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு மாமிசம், தேநீர் எத்தனை கோப்பை. "டீல உப்பு போடற பழக்கம் உண்டா?"

"உண்டு," என்றேன் நான். "ஆளுக்கு ஒரு சிட்டிகை." சொன்ன பிறகுதான் யோசித்தேன். "இப்ப போடறதில்ல."

"எப்பலேர்ந்து?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி மாமியார் காலத்தோடு விட்டுவிட்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி, போடுகிறேன் என்று ஆரம்பித்தவள், இல்லை, போடுவதில்லை என்றாள். அத்தனை வீட்டிலும் தேநீருக்கு உப்புப் போடுவது நின்றிருந்தது. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு நிறுத்தவில்லை. தேவைப்படவில்லை, கை தானாக நின்றுவிட்டது.

உஸ்தீன்யா அதையெல்லாம் கேட்டாள். பிறகு திரும்பி செய்த்காலியைக் கூப்பிட்டாள்.

"நீ போன வருஷம் ரெண்டு மாசம் பட்டணத்து ஆஸ்பத்திரில கெடந்தியே. வந்த அன்னிக்கு எங்க வீட்ல டீ குடிச்ச. எப்படி இருந்துது?"

"நல்ல தண்ணின்னு சொன்னேனே அபா." மூத்த பெண்களை அவன் அபா என்றுதான் கூப்பிடுவான்.

"நீ சொன்னது எனக்குத் தெரியும். இருந்தது எப்படி?"

செய்த்காலி தொப்பியைக் கழற்றினான். "வாயில வெக்க முடியல."

"ஏண்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எங்கம்மா பொதைச்ச எடத்துலேர்ந்து எந்திரிச்சு வந்து செருப்பால அடிக்கும். ஒரு வாரம் கஷ்டப்பட்டேன், அப்புறம் சரியாயிருச்சு."

உஸ்தீன்யா பண்ணைத் தலைவரைப் பார்த்தாள். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களுமா கந்த்ராத் சவ்வேலிச்?"

"ஒவ்வொரு தடவையும் அத்தை," என்றார் அவர். "வீட்டுக்குப் போனதும் ரெண்டு சொம்பு குடிப்பேன்."

கோபம் யார் மேலும் வராமல், தன் மேல் வந்தாலும் காட்டாமல், அவள் கேட்டது இரண்டுதான். பட்டியல் எப்போது போகிறது? மே மாதக் கடைசியில் என்றார் அவர். அதற்கு முன்னால் இன்னொரு பாட்டில் எடுக்க முடியுமா?

"எடுக்கலாம்," என்றாள் இன்னா லிவோவ்னா. "ஆனா கிணத்துத் தண்ணி அதுக்குள்ள எப்படி மாறும்?"

"அது எங்க வேலை."

அன்றைக்கே அவள் பண்ணைக்குள் போனாள். ஆர்ஹிப் கன்றுகளுக்குத் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் சில பேர் கதவுப் பக்கம் நின்றோம், அவள் எங்களைப் போகச் சொல்லவில்லை.

"பம்பை நிறுத்தணும்டா."

"எத்தன நாளைக்கு?"

"இனிமே ஓடக் கூடாது. ஏடு கிழிஞ்சு அடி உப்பு மேல வருது. பம்ப் ஓடுற வரைக்கும் நல்ல தண்ணி சேராது."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "பம்ப் இல்லேன்னா கன்னு நிக்காது. கன்னு இல்லேன்னா எனக்கு இங்க என்னம்மா வேலை? பதினோரு வீடு இதை நம்பித்தான் இருக்கு."

"ஓடினா முப்பது வீடும் இல்ல."

"ஊரு நிக்கறதுக்கு நான் போகணும்ங்கற."

ஒரு கன்று அவள் முன்கட்டுத் துணியைச் சப்பிக்கொண்டிருந்தது, அதை விலக்கிவிட்டு வந்துவிட்டாள். ஆர்ஹிப் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போய்ப் பம்பைக் கழற்றினான். அக்டோபரில் கன்றுகளை லாரியில் ஏற்றிப் பெரிய குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்கே பதினோரு குடும்பத்துக்கும் வீடு கட்ட ஆரம்பித்தார்கள், வசந்தத்தில் முடியும் என்றார்கள்.

கசப்பு ஏரிக்கரையில் நாணல் அறுத்தோம். அறுபது வண்டிப் பாரம். போகப்போகிற பதினோரு வீட்டு ஆட்களும் வந்து அறுத்தார்கள், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் போக வேண்டும் என்று ஆசை, ஊர் மூடினால் நல்லது என்று நினைத்தவர். அவரும் முணுமுணுத்துக்கொண்டே தட்டி பின்னினார்.

"ஏன் ஸ்தெபான், குழாய் வீட்டுக்குப் போகணும்னு நெனைக்கறவன் இவ்ளோ இறுக்கிக் கட்டறியே?" என்று செய்த்காலி கேட்டான்.

"லூஸா கட்டினா அந்தக் கெழவி மறுபடி அவிழ்த்துக் கட்டச் சொல்வா," என்றார் இவர்.

சொல்லியிருப்பாள். நான் கட்டிய ஒன்றை அவிழ்க்கச் சொன்னாள்.

தட்டி நட்டுவிட்டோம், பனி வரவில்லை. டிசம்பர் போனது, புத்தாண்டு போனது. தரை கல்லாக இறுகி, புல் சாம்பல் நிறத்தில் நின்றது. காற்று மட்டும் அடித்தது, தட்டிகள் ராப்பகலாகச் சீழ்க்கையடித்தன. பனி மூடாத தரை ஆழமாக உறைந்துவிடும், உறைந்த தரையில் வசந்தத்துத் தண்ணீர் இறங்காது, வழிந்து ஏரிக்குப் போய்விடும். உஸ்தீன்யா தினமும் பள்ளத்துக்குப் போய்க் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு வருவாள். வேண்டுதல் ஏதும் வைத்தாளா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. மாவ்ராவின் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன், அது எப்போதும் எரிவதுதான்.

பிப்ரவரியில் கிழக்கேயிருந்து பனிப்புயல் வந்தது. மூன்று நாள் வீட்டை விட்டு யாரும் வெளியே வர முடியவில்லை. நாலாம் நாள் நாங்கள் கதவைத் தோண்டித் திறந்து வெளியே வந்தபோது, ஊரைச் சுற்றி வெளி எல்லாம் காற்று பெருக்கி வழித்த மாதிரி கிடந்தது. பள்ளம் மட்டும் வெள்ளைக் குன்றாக நின்றது. தட்டிகளின் நுனி கூடத் தெரியவில்லை. செய்த்காலி அதன் மேல் ஏறி நின்று, "அபா, இங்கேர்ந்து மாஸ்கோ தெரியுது!" என்று கத்தினான். உஸ்தீன்யா கீழே நின்று, "எறங்குடா, மிதிச்சு இறுக்காத," என்று திட்டினாள்.

அதிலிருந்து கிணற்றை மூடிவிட்டாள். ஊர் முழுக்கப் பனியை உருக்கிப் பீப்பாயில் வைத்துக் குடித்தது. முதல் நாள் குழந்தைகள் கூடத் துப்பின. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. அதற்குள்ளேயே பெண்கள் தேநீருக்கு உப்புத் தேடினார்கள், நான் என் அலமாரியில் பழைய உப்புக் கல்லைத் தேடி எடுத்தேன்.

மார்ச்சில் குன்று கரைந்து குளமாக நின்றது. ஏப்ரலில் குளம் இறங்கியது. வழிந்து ஓடவில்லை, இறங்கியது. குவிந்த பனி தரையை இளக்கி வைத்திருந்தது என்றாள் உஸ்தீன்யா. மே பத்தாம் தேதி இன்னா லிவோவ்னா வந்தாள். உஸ்தீன்யா கிணற்றைத் திறந்தாள், கயிற்றை இறக்கினாள், வாளியில் மொண்டாள். கோப்பையை வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தி, அதைத் தரையில் ஊற்றிவிட்டாள்.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க பாட்டி," என்றாள் இன்னா லிவோவ்னா.

"நீங்கதானே படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

முடிவு வர இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளில் அவள் வேலிக்கு வெள்ளையடித்தாள், அடித்த வேலிக்கே மறுபடியும் அடித்தாள். கந்த்ராத் சவ்வேலிச் தாளோடு வந்தார். ஒரு லிட்டருக்கு முக்கால் கிராம் உப்புதான். பொலின்கா பட்டியலில் இல்லை.

அது மட்டும்தான் நடந்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. பண்ணை திரும்பவில்லை. ஜூனில் பதினோரு குடும்பமும் சாமான் ஏற்றிக்கொண்டு போனது, ஆர்ஹிப் கடைசி லாரியில் போனான். பிள்ளைகள் குறைந்ததால் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கடை வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆனது. மிஞ்சியது பத்தொன்பது வீடு. ஊரைக் காப்பாற்றினாள் என்று உஸ்தீன்யாவைச் சில பேர் புகழ்கிறார்கள், பாதி ஊரை விரட்டினாள் என்று சில பேர் திட்டுகிறார்கள். இரண்டும் நடந்ததுதான். நான் போகவில்லை, ஸ்தெபானும் போகவில்லை. தட்டியை அவ்வளவு இறுக்கிக் கட்டிவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. கேட்டால் மறுப்பார்.

அன்றிலிருந்து உஸ்தீன்யா ருசி பார்ப்பதை விட்டுவிட்டாள். கயிறு மட்டும் பார்ப்பாள். தண்ணீரைப் புகழும் வழக்கத்தையும் ஊர் கூடி நிறுத்தினோம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும், பட்டாளத்திலிருந்து வருகிற பையனோ, ஊசி போட வருகிற நர்ஸோ, முதலில் வெறும் தண்ணீர் ஒரு கோப்பை கொடுத்து, உள்ளதைச் சொல்லச் சொல்வோம். பொய் சொன்னால் தேநீர் கிடையாது. பழைய ஆட்களுக்கு இது கூச்சமாகத்தான் இருந்தது. செய்த்காலியின் மனைவி இரண்டு வருஷம் விருந்தாளி வரும்போது அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

உஸ்தீன்யா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாள், இதே ஊரில் செத்தாள், மாவ்ராவுக்குப் பக்கத்தில் கிடக்கிறாள்.

அவள் இருந்தவரை ஆர்ஹிப் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வருவான். கன்றுகளைப் பற்றி அவள் கேட்கமாட்டாள், கிணற்றைப் பற்றி அவன் கேட்கமாட்டான். அவர்கள் போன நாலாவது வருஷமோ என்னவோ, குளிர்காலத்தில் பனி குறைவு. இலையுதிர்காலத்தில் அவன் வந்தபோது நான் அங்கே இருந்தேன். எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி அவனுக்கும் வெறும் தண்ணீரைக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லு," என்றாள்.

"கொஞ்சம் உப்பு ஏறியிருக்கும்மா."

"எவ்ளோ?"

"போன தடவைய விட ஜாஸ்தி."

அவள் கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "கிளாஷா, செய்த்காலிகிட்ட வண்டி இருக்கான்னு கேளு. நாளைக்கே நாணல் அறுக்கணும்," என்றாள். அப்புறம் மகனைப் பார்த்து, "நீயும் இருந்துட்டு போயேன், ஒரு ஆள் கொறையுது," என்றாள்.

அவன் மோட்டார் சைக்கிளைக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தினான்.